வேண்டாத வீட்டுச் சாமான்களை எங்கே கொடுப்பது? சென்னையில் இருக்கும் வழிகள், ஒரு மதிப்பீடு

வீடு மாற்றும்போது, பெயின்ட் அடிக்க ஆள் வரும்போது, போகிக்கு முந்தைய வாரம், பெரியவர் ஒருவர் காலமாகி அவருடைய அறையை ஒழிக்கும்போது: சாமான் மொத்தமாக வெளியே வருவது பெரும்பாலும் இந்தச் சமயங்களில்தான். சீக்கிரம் காலி செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் நல்ல கட்டிலும் நல்ல போர்வையும் தெருமுனைக் குப்பைத்தொட்டி ஓரம் போய்ச் சேர்கின்றன. ஒரு மழை பெய்தால் போதும், பிறகு அவை யாருக்கும் உதவாது. அங்கிருந்து கொடுங்கையூர்க் குப்பைமேடு, இல்லையென்றால் பெருங்குடி.

பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. அதே ஆண்டு ஏப்ரலில் அந்த மேடு தீப்பிடித்து, அணைப்பதற்குப் பல நாள் ஆனது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலையில் பெரிய தொல்லை தருவது துணிதான். மண் உதிரும், கல் விழும், சேலையும் போர்வையும் மட்டும் சுழலும் சல்லடையில் சுற்றிக்கொண்டு இயந்திரத்தையே நிறுத்திவிடும். வீட்டிலிருந்து ஒரு மூட்டைத் துணி சரியான இடத்துக்குப் போனால் அந்த மேட்டில் அவ்வளவு சிக்கல் குறைகிறது.

கொடுக்க வழிகள் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லா வழியும் எல்லாச் சாமானுக்கும் சரிப்படாது. இங்கே ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்திருக்கிறோம். எதை வாங்கிக்கொள்கிறார்கள்? எதை வேண்டாம் என்கிறார்கள்? வாங்கியதில் உதவாமல் போனதை என்ன செய்கிறார்கள்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிவைக்கும் இடத்தின் பின்கட்டில் கழிவு குவிந்துகொண்டே இருக்கும். கடைசியில் அதுவும் மாநகராட்சி வண்டியில்தான் ஏறும். நீங்கள் கொடுத்த மனநிறைவு மட்டும் உங்களிடம் மிஞ்சும். வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரிந்த இடமே நம்பத் தகுந்த இடம்.

கூஞ்ச்

துணிக்கும் பாத்திரத்துக்கும் முதல் சிபாரிசு இதுதான். 1999-ல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய அமைப்பு. 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. சென்னையிலும் இயங்குகிறது. இங்கே இலவசமாக அள்ளிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. குளம் தூர்வாருவது, கிணறு வெட்டுவது, பாதை போடுவது என்று தங்கள் ஊருக்கு வேண்டிய வேலையை ஊர் மக்களே முடிவு செய்து, உழைத்து முடிக்கிறார்கள். அந்த உழைப்புக்கான மரியாதையாகத்தான் துணியும் சாமானும் போய்ச் சேர்கின்றன. வாங்குபவர் கைநீட்டி நிற்க வேண்டியதில்லை என்பது இந்த முறையின் பெரிய பலம்.

மூன்றாவது கேள்விக்கு இவர்களிடம் நல்ல பதில் இருக்கிறது. உடுத்த முடியாத பருத்தித் துணியைத் துவைத்து, வெட்டி, மாதவிடாய்க்கான துணி நாப்கின் செய்கிறார்கள். கிழிந்த ஜீன்ஸ் பள்ளிப் பையாகிறது. கந்தல் கீற்றுகளைச் சேர்த்துப் பாய்விரிப்பு தயாராகிறது. ஆகவே பருத்திச் சேலை, வேட்டி, பெட்ஷீட் எல்லாம் நைந்து போயிருந்தாலும் சுத்தமாக இருந்தால் அங்கே கொடுக்கலாம். நைந்த பாலியெஸ்டர் சேலையோ நைலான் நைட்டியோ அப்படி உதவாது.

குறைகளும் உண்டு. தனி வீட்டுக்கு வண்டி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சேகரிப்பு மையத்துக்கு நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் சேர்ந்து ஒரு நாள் முகாம் வைத்தால் மொத்தமாக எடுக்க ஏற்பாடு செய்யலாம். அக்டோபர் 2 முதல் 8 வரை நடக்கும் 'தான் உத்சவ்' என்ற கொடைத் திருவிழா வாரத்தை ஒட்டி முகாம் வைப்பவர்கள் அதிகம், ஆனால் சென்னையில் அது மழை தொடங்கும் நேரம். செப்டம்பரில் வைத்துக்கொள்வது உத்தமம். சாமானோடு பணமும் கேட்கிறார்களே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். தரம் பிரிக்கக் கூலி, துவைக்கத் தண்ணீர், கிராமம்வரை லாரி வாடகை எல்லாம் வேண்டும். உங்கள் பழைய சேலை தானாக நடந்து போகாது. மூட்டைக்கு ஏற்ப ஒரு தொகை சேர்த்துக் கொடுப்பது நியாயம்தான்.

மாநகராட்சியின் சனிக்கிழமைச் சேவை

2025 அக்டோபரிலிருந்து பெருநகர சென்னை மாநகராட்சி சனிக்கிழமைகளில் பழைய சோபா, மெத்தை, கட்டில், துணி ஆகியவற்றை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறது. 1913-க்குப் பேசியோ, நம்ம சென்னை செயலியிலோ பதிவு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. யாரும் தொடத் தயங்கும் ஸ்பிரிங் மெத்தையைத் தெருவில் தள்ளுவதற்குப் பதில் இப்படி ஒரு வழி இருப்பது பெரிய உதவி.

ஆனால் இதைத் தானம் என்று எண்ணிவிடக் கூடாது. கழிவை முறையாக அப்புறப்படுத்தும் சேவை இது. உதவாதது எரியூட்டும் ஆலைக்குப் போகிறது. இன்னும் பத்து வருஷம் உழைக்கும் தேக்குக் கட்டிலை இதில் ஏற்றிவிடுவது வீண். முதலில் மற்ற வழிகளில் கொடுத்துப் பாருங்கள், மிஞ்சியதற்குச் சனிக்கிழமை பதிவு செய்யுங்கள். கட்டிலைக் கழற்றி வைப்பதும், மெத்தையை மாடியிலிருந்து வாசலுக்கு இறக்கி வைப்பதும் உங்கள் பொறுப்பு என்று நினைத்துத் தயாராக இருந்தால் வேலை தடைபடாது.

ஆதரவற்றோர் இல்லங்கள், முதியோர் இல்லங்கள்

நேரடியாகக் கொடுக்க ஆசைப்படுபவர்கள் முதலில் நினைப்பது இதைத்தான். அதிகம் தவறுவதும் இங்கேதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் இல்லங்களின் வராந்தா பழைய துணி மூட்டைகளால் நிரம்பிவிடுகிறது. அவற்றைப் பிரிக்க ஆள் இல்லை, வைக்க இடமும் இல்லை. கொண்டுவந்தவர் மனம் நோகக் கூடாதே என்று வாங்கி வைக்கிறார்கள்.

போகும் முன் பேசுங்கள். "எங்களிடம் இது இருக்கிறது, வேண்டுமா?" என்று கேட்டால் தயங்கித் தயங்கிச் சரி என்பார்கள். "இந்த மாதம் உங்களுக்கு எது தட்டுப்பாடு?" என்று கேட்டால் உண்மையான பட்டியல் வரும்: பெட்ஷீட், துண்டு, பக்கெட், எவர்சில்வர் தட்டு, டேபிள் ஃபேன், முதியோர் இல்லமாக இருந்தால் வாக்கர், கழிப்பறை நாற்காலி. பட்டுச்சேலையும் கோட்டு சூட்டும் அந்தப் பட்டியலில் இருக்காது.

குழந்தைகள் இல்லம் என்றால் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஒழுங்காக நடத்துபவர்கள் சான்றிதழைக் காட்டுவார்கள். சாமான் கொடுக்கும் சாக்கில் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுவதை அடியோடு விடுங்கள். பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டம் தடை செய்கிறது.

வருமான வரிக் கழிவுக்கு ரசீது கேட்பவர்களுக்கு ஒரு விஷயம்: பொருளாகக் கொடுத்ததற்குக் கழிவு கிடையாது. பழைய வரிமுறையில் இருப்பவர் பணமாகக் கொடுத்தால் உண்டு, அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக இருக்கக் கூடாது.

அன்புச் சுவர்கள்

வேண்டாதவர் வைத்துவிட்டுப் போக, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் திறந்த அலமாரிகள். ஈரானின் மஷாத் நகரில் 2015 குளிர்காலத்தில் பேசப்பட்ட யோசனை; 2017-ல் திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகம் அன்புச் சுவர் என்ற பெயரில் தொடங்க, மற்ற ஊர்களும் பின்பற்றின. யாரும் யாரையும் பார்த்துக் கேட்க வேண்டாம் என்பது இதன் அழகு.

கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் மட்டும் இது சில வாரங்களில் குப்பைமேடாக மாறிவிடுகிறது. நல்லதை முதலில் வருபவர் எடுத்துப் போவார். மிச்சம் கலைந்து கிடக்கும். கலைந்து கிடப்பதைப் பார்த்து அடுத்தவர் கிழிசலைக் கொட்டுவார். பிறகு ஒரு மழை. ஆகவே வைக்கும் முன் பாருங்கள்: மேலே கூரை இருக்கிறதா, கதவுள்ள அலமாரியா, தினமும் அடுக்கி வைக்க வாட்ச்மேனோ கடைக்காரரோ இருக்கிறாரா? இருந்தால் மடித்த துணி, ஜோடி செருப்பு, பொம்மை, பாத்திரம் தாராளமாக வைக்கலாம். மின்சாதனம், மருந்து, கண்ணாடிச் சாமான் வைக்கவே கூடாது. இரவில் போய் மூட்டையோடு இறக்கிவிட்டு வருவதும் வேண்டாம். காலையில் போய், மூட்டையைப் பிரித்து அடுக்குங்கள்.

காயலான் கடையும் துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்களும்

தானத்தைப் பற்றிய பேச்சில் இவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியவர் ஒன்றையும் வீணாக்க மாட்டார். பித்தளை, செம்பு, எவர்சில்வர், இரும்பு, செய்தித்தாள், அட்டைப்பெட்டி எல்லாமே தனித்தனியாகப் பிரிந்து உருக்கவோ அரைக்கவோ போய்விடுகின்றன. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரமோ பிளாஸ்டிக் டப்போ கொடுக்கும் பெண்கள் சேலையைப் பிரித்து, முந்தானையையும் ஓரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். அவர்கள் வாங்கிய சேலை இன்னொருவர் உடுத்தும் சேலையாகவே சந்தைக்குப் போகும். உங்களுக்கு அந்தப் பாத்திரம் வேண்டாமென்றால் துணியைச் சும்மாவே கொடுங்கள். அதுவும் தானம்தான், அந்தத் தொழிலில் வருமானம் சொற்பம்.

இவர்களிடம் கொடுக்கக் கூடாதவை டியூப்லைட், பழைய பெட்டி டிவி, ஃபிரிட்ஜ், பேட்டரி. ஏன் என்று கீழே சொல்கிறோம்.

துணியை எப்படிக் கட்டுவது

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிசல், அழுக்கு, மீனவக் குடும்பங்கள் உடுத்தாத வகை என்று கலந்து கட்டி வந்ததால் சாலையோரம் மலைபோல் குவிந்து நனைந்தது. எல்லாம் இழந்து நின்றவர்கள்கூட அதைத் தொடவில்லை. அனுப்பியவர்களுக்கு நல்ல எண்ணம் இருந்தது. பிரித்துக் கட்டும் வேலையை மட்டும் செய்யாமல் விட்டிருந்தார்கள். அந்த வேலையை வீட்டிலேயே செய்ய வேண்டும்.

முதலில் துவைத்து, நல்ல வெயிலில் முழுசாகக் காயவிடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். பேன்ட்டின் இடுப்புப்பட்டி, ஜீன்ஸ் பை, போர்வையின் மடிப்பு ஆகிய இடங்களில் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும், அது பக்கத்துத் துணிக்கும் பரவும். ஒரு துணியால் ஒரு மூட்டையே போய்விடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துணி கொடுப்பதைத் தள்ளிப் போடச் சொல்வது இதனால்தான். ரசகற்பூர உருண்டை போட்டு வருஷக் கணக்கில் பெட்டியில் கிடந்த துணியை இரண்டு நாள் காற்றாட விட்டுக் கொடுங்கள்.

பைகளைத் தடவிப் பாருங்கள். ரசீது, சில்லறை, மாத்திரை அட்டை, குண்டூசி எல்லாம் இருக்கும். அறுந்த பொத்தானைத் தைத்துவிடுங்கள். சட்டைக்கு ஐந்து நிமிஷம். ஜிப் போன பேன்ட் என்றால் தெருமுனைத் தையல்காரரிடம் மாற்றிக் கொடுங்கள், அல்லது கிழிசல் மூட்டையில் போடுங்கள். வாங்குபவர் செலவு செய்து சரிசெய்துகொள்ளட்டும் என்று விடாதீர்கள்.

செட் செட்டாகக் கட்ட வேண்டும். சேலையோடு அதன் உள்பாவாடையும் ரவிக்கையும், சுடிதாரோடு துப்பட்டா. மூன்றும் பிரிந்து மூன்று மூட்டையில் போனால் மூன்றும் வீண். ஷூவையும் செருப்பையும் லேஸால் ஜோடி சேர்த்து முடிச்சுப் போடுங்கள். பிரிந்துபோன ஒற்றைச் செருப்பைக் கிடங்கில் ஜோடி தேடிச் சேர்ப்பது நடக்காத காரியம். ஆண், பெண், குழந்தை என்று மூன்று மூட்டை; குழந்தைத் துணியில் வயதைத் தாளில் எழுதி ஊக்கால் குத்திவிடுங்கள். கிழிந்த பருத்தி தனி மூட்டை, மேலே "கிழிசல், பருத்தி" என்று எழுதினால் பிரிப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பள்ளிச் சீருடையில் சின்னம் இருந்தால் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத்தான் உதவும். அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை சீருடை இலவசம் என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளாடை புதிதாக இருந்தால் மட்டும். மூட்டை ஒருவர் தூக்கும் அளவில், 15 கிலோவுக்குள் இருக்கட்டும். அரிசிச் சாக்கு நன்றாக இருக்கும். மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் பை இறக்கும்போது கிழியும், அதைக் குப்பை என்று நினைத்து வண்டியில் போட்டுவிடவும் கூடும்.

மின்சாதனங்கள்

தமிழ்நாட்டில் ஒரு விசேஷம் உண்டு. 2006 முதல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. எனவே ரேஷன் அட்டையுள்ள எளிய வீடுகள் பலவற்றில் இவை ஏற்கெனவே உண்டு, அதுவே பழுதாகிப் பரண்மேல் கிடக்கும். ஓடாத இரண்டாவது மிக்ஸியை அவர்கள் தலையில் கட்டுவதால் யாருக்கு என்ன லாபம்? கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மிக்ஸி கொடுப்பதானால் ஜாரைப் பொருத்தி, தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். அடியில் கசிந்தால் ஜாரின் புஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டார் ஓடி பிளேடு சுற்றாவிட்டால் கப்ளர் பல் தேய்ந்திருக்கிறது. இரண்டும் சின்னச் செலவு, மாற்றிக் கொடுத்தால் சில வருஷம் உழைக்கும். குக்கருக்கும் இப்படித்தான். கேஸ்கட், வெயிட், சேஃப்டி வால்வு மூன்றும் அந்தந்த மாடலுக்கு உரியவை, மாற்றிப் போட்டால் ஆபத்து. தண்ணீர் வைத்து ஒரு விசில் வரவிட்டு, ஓரத்தில் ஆவி கசியாவிட்டால்தான் கொடுக்க வேண்டும். கோட்டிங் உரிந்த நான்ஸ்டிக் தவாவை யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்களுக்கு ஆகாதது அவர்களுக்கும் ஆகாது.

சீலிங் ஃபேனில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ஃபேனைக் கழற்றுபவர் மோட்டாரையும் மூன்று இறக்கையையும் கீழே இறக்கிவிட்டு, கூரைக் கொக்கியில் மாட்டும் கிளாம்ப், அதன் போல்ட்டு, ரப்பர் உருளை, போல்ட்டு நழுவாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் ஆகியவற்றை மேலேயே விட்டுவிடுவார், அல்லது தரையில் போட்டுக் காணாமல் அடிப்பார். வாங்கியவர் அளவு பொருந்தாத போல்ட்டைப் போட்டு மாட்டினால் ஃபேன் தலையில் விழும். குழாய், இரண்டு மூடி, போல்ட்டு, பின், இறக்கைத் திருகுகள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு மோட்டாரோடு கட்டுங்கள். இறக்கைகளை அடுக்கி அட்டையில் சுற்றுங்கள். ஒன்று வளைந்தாலும் ஃபேன் ஆடும். மெதுவாகச் சுற்றினால் கப்பாசிட்டர் போயிருக்கும், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். எலக்ட்ரிகல் கடையில் நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம், மாட்டிக் கொடுங்கள்.

ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை நல்ல மனசு மட்டும் போதாது. மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசமாகத் தருகிறது. பழைய ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 60 முதல் 90 யூனிட். இதுவரை மின்கட்டணமே கட்டாத குடும்பம் உங்கள் தானத்தால் கட்டத் தொடங்கலாம். பதினைந்து வருஷத்தைத் தாண்டியதை ஓடினாலும் கொடுக்காமல், புதிது வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் விட்டுவிடுங்கள். காயலான் கடைக்கு வேண்டாம் என்றதற்குக் காரணம், செம்புக் குழாய்க்காக அதை அறுத்தால் உள்ளே இருக்கும் வாயு அத்தனையும் காற்றில் போகும். புதிதாக உள்ளதைக் கொடுப்பதானால் முந்தைய நாளே நிறுத்தி, துடைத்து, கதவைக் கட்டி, நிமிர்த்தியே கொண்டு போகச் சொல்லுங்கள். இறக்கியதும் சில மணி நேரம் சும்மா விட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும்.

பெட்டி டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைப்பவர்கள் பின்பக்கக் கழுத்தைத் தட்டி, செம்புச் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணாடியை ஏதாவது காலி மனையில் வீசிவிடுவார்கள். டியூப்லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம். இவையும் ஓடாத கணினி, பிரின்டர், சார்ஜர் வகையறாவும் தானத்துக்கு உரியவை அல்ல. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. ஆகவே பொருளின் நிறுவன வாடிக்கையாளர் எண்ணில் பேசி, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை விற்ற கடையே எடை பார்த்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

செல்போன் கொடுக்கும்போது ரீசெட் மட்டும் செய்தால் போதாது. கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து முதலில் வெளியேறிவிட்டுப் பிறகு ரீசெட் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும். நல்ல போன் அப்படியே மின்கழிவாகும். மடிக்கணினியோடு சார்ஜரைக் கட்டிக் கொடுங்கள்.

கேஸ் அடுப்பைக் கொடுக்கலாம், ரப்பர் டியூபைக் கொடுக்காதீர்கள். அதன் ஆயுள் ஐந்து வருஷம், வெடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் உங்கள் சொத்தே அல்ல. ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டில், பீரோ, மெத்தை

கட்டிலைக் கழற்றும்போதே போல்ட்டுகளைப் பையில் போட்டு, சட்டத்திலேயே டேப் ஒட்டிவிடுங்கள். எந்தச் சட்டம் எந்தக் காலோடு சேரும் என்று சாக்பீஸால் எண் போட்டால் போதும். பீரோவுக்குச் சாவி முக்கியம். லாக்கர் சாவி இல்லாத பீரோவை வாங்குபவர் பூட்டு ஆளைத் தேடி அலைய வேண்டும். மாடியிலிருந்து இறக்க நான்கு பேர், கொண்டுபோக ஒரு குட்டி யானை வண்டி. இந்த வாடகையை யார் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசாததால்தான் பல தானங்கள் வாசலிலேயே முறிகின்றன. கொடுப்பவரே கொடுத்துவிடுவது கௌரவம். ஃபோட்டோவோடு நீளம், அகலம், உயரம் எழுதி அனுப்புங்கள். பத்துக்குப் பத்து அறையில் வாழும் குடும்பத்தின் கதவு வழியே உங்கள் மூன்று கதவு வார்ட்ரோப் நுழையாது.

இலவம்பஞ்சு மெத்தை என்றால் பஞ்சைக் கொட்டி அடித்து, புது உறை போட்டால் புது மெத்தை. ஃபோம், ஸ்பிரிங், ரப்பர் தேங்காய்நார் மெத்தைகளை எந்த இல்லமும் விரும்புவதில்லை, மூட்டைப்பூச்சி பயம் ஒரு காரணம். அவை மாநகராட்சி வண்டிக்கு. போகியன்று வாசலில் போட்டுக் கொளுத்த மட்டும் வேண்டாம். ஃபோமும் ரெக்சினும் எரியும் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டுக் குழந்தைகள்தான்.

புத்தகங்கள்

பாடத்திட்டம் 2018-19, 2019-20 ஆண்டுகளில் மாறிவிட்டதால் அதற்கு முந்தைய சமச்சீர்ப் பாடநூல்கள் பழைய பேப்பருக்குத்தான். பழைய நுழைவுத்தேர்வு கைடுகளும் அப்படியே. கதை, கட்டுரை, வரலாறு, அகராதி எதையும் பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 2023 முதல் "கூண்டுக்குள் வானம்" என்ற அரங்கை வைத்துச் சிறைவாசிகளுக்காகப் புத்தகம் சேகரித்திருக்கிறது. ஜனவரியில் காட்சிக்குப் போகும்போது பையில் நாலு புத்தகம் எடுத்துப் போகலாம். கொடுக்கும் முன் ஏடுகளைப் புரட்டுங்கள். வங்கிச் சீட்டும் பழைய கடிதமும் அதற்குள்தான் இருக்கும்.

நோயாளியின் சாமான்கள்

சக்கர நாற்காலி, வாக்கர், மடக்குக் கட்டில், காற்று மெத்தை, கழிப்பறை நாற்காலி, ஆக்சிஜன் செறிவூட்டி. ஒரு மரணத்துக்குப் பிறகு இவற்றைப் பார்க்கவே பிடிக்காமல் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். ஒட்டுமொத்த வீட்டுச் சாமானில் உடனடியாகத் தேவைப்படுபவை இவைதான். வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரணப் பராமரிப்புக் குழுக்களிடமும், நோயாளிக்குச் சாமானைக் கடனாகக் கொடுத்து வாங்கும் அறக்கட்டளைகளிடமும் கொடுத்தால் ஒரே நாற்காலி பல வீடுகளுக்குப் போய்வரும்.

பரணில் பல மாதம் இருந்தால் காற்று மெத்தையின் மடிப்பு வெடிக்கும், சக்கர நாற்காலியின் ரப்பர் இறுகும், செறிவூட்டியின் ஃபில்டரில் தூசி அடையும். ஆகவே இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். சோப்புத் தண்ணீரால் கழுவி, கிருமிநாசினியால் துடைத்து, வெயிலில் உலர்த்துங்கள். சக்கர நாற்காலியில் இரண்டு பிரேக்கையும் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது. கால் வைக்கும் பலகை இரண்டும் இருக்க வேண்டும். வாக்கரின் நான்கு ரப்பர் குமிழையும் திருப்பிப் பார்த்து, தேய்ந்திருந்தால் சர்ஜிகல் கடையில் வாங்கி மாட்டுங்கள். வழவழவென்று ஆன குமிழோடு கொடுத்தால் ஈரமான குளியலறையில் இன்னொரு பெரியவர் வழுக்கி விழுவார். காற்று மெத்தையை அதன் பம்போடு ஊதி ஓர் இரவு வைத்து, காலையிலும் இறுக்கமாக இருந்தால் மடித்து, பம்பையும் டியூபையும் அதே பையில் போட்டுக் கொடுங்கள். மிச்ச மாத்திரைகளை இதனோடு சேர்க்க வேண்டாம்.